விளக்கணைந்த பின்னும் விழித்திருப்போர்

சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர்! வாயில் நுழையாத பெயர். ஆனால் அந்தப் பெயருக்கு உரியவர் ஒரு நாழிகை கண்ணயர்ந்தால், நம் வாயில் கவளம் நுழைவதே கடினம் என்ற காலம் வந்துவிட்டது, தோழர்களே!

மிகையன்று, உண்மை. நியாயவிலைக் கடையிலே கால்கடுக்க நிற்கிறாள் ஒரு தாய். "சர்வர் வேலை செய்யவில்லையம்மா, நாளைக்கு வா" என்கிறார் கடைக்காரர். வங்கிக்குப் போகிறார் ஓய்வூதியம் வாங்கும் பெரியவர்; அங்கும் அதே பதில். இரயில் நிலையத்துச் சாளரத்திலும் அதே பல்லவி! உணவு விடுதியிலே இட்டலி கொண்டுவந்து வைக்கும் சர்வரை நாம் அறிவோம். அவர் முகம் தெரியும், பெயர் தெரியும், ஒரு கையில் எத்தனை தட்டு அடுக்குவார் என்பதும் தெரியும். இந்தச் சர்வரோ, கண்காணாத இடத்திலே, குளிரூட்டிய கூடத்திலே, இரும்பு அலமாரிக்குள்ளே இரைந்துகொண்டிருக்கும் இயந்திரம். அதற்கும் ஓர் ஆள் உண்டு. அதை எழுப்ப, ஓட்ட, காக்க, நோய் கண்டால் பக்குவம் பார்க்க, இரவென்றும் பகலென்றும் பாராமல் விழித்திருக்கும் ஆள். அவர்தான் சிஸ்டம் அட்மின்.

எல்லாம் ஒழுங்காக நடக்கும்வரை அவரை எவரும் நினைப்பதில்லை. ஏதேனும் நின்றுவிட்டாலோ, "எங்கே அந்த ஆள்?" என்று எட்டுத் திக்கும் குரல் கேட்கிறது. நடந்தால் நிர்வாகத்தின் திறமை. நின்றால் அட்மினின் குற்றம்! விளைந்தால் பண்ணையாரின் கைராசி, பொய்த்தால் பண்ணையாளின் சோம்பல் என்றார்களே, அந்தப் பழைய நீதி கணினிக் கூடத்திலும் குடியேறியிருக்கிறது.

அந்த ஆளைப் பற்றித்தான் இன்று இரண்டு விதமான பேச்சு. "அந்த வேலையே ஒழிந்தது! கிளவுட் வந்துவிட்டது, செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, இனி ஆள் எதற்கு?" என்கின்றனர் ஒரு சாரார். "எது வந்தால் என்ன, எங்களை அசைக்க எவரால் முடியும்?" என்கின்றனர் மற்றொரு சாரார். முன்னது ஆணவம், பின்னது அலட்சியம். இரண்டையும் நாம் ஏற்பதற்கில்லை. வேலை சாகவில்லை, இடம் மாறியிருக்கிறது. மாறிய இடத்திலே சுமை மட்டும் தொழிலாளியின் தோளுக்கு வந்திருக்கிறது. சாவி முதலாளியின் மடிக்குப் போயிருக்கிறது. இதுதான் நாம் காட்ட விரும்பும் செய்தி.

கதையைத் தொடக்கத்திலிருந்தே பார்ப்போம்.

1946-ம் ஆண்டு, அமெரிக்காவிலே, பென்சில்வேனியாப் பல்கலைக் கழகத்திலே, 'எனியாக்' என்ற கணினியை உலகுக்குக் காட்டினார்கள். பழைய வானொலிப் பெட்டியிலே சிவந்து ஒளிருமே வால்வு, அதைப் போல ஏறத்தாழ 18,000 வால்வுகள் அதற்குள்! அதற்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கக் கற்றவர்கள் ஆறு பெண்கள். கம்பிகளைப் பிடுங்கினார்கள், மாற்றிச் செருகினார்கள், எந்த இடத்தில் பிழை என்று தேடித் தேடிக் கண்டார்கள். கட்டியவர்களின் புகழ் அன்றே பரவிற்று. ஓட்டியவர்களின் பெயரை உலகம் அறியப் பல பத்தாண்டுகள் ஆயின. பிறந்த அன்றே இந்தத் தொழிலின் தலையெழுத்து அப்படி! தலையெழுத்து என்றா சொன்னோம்? அல்ல, எழுதிய கை மனிதரின் கை.

1964-ம் ஆண்டு ஏப்ரல் 7-ம் நாள், ஐ.பி.எம். நிறுவனம் 'சிஸ்டம் 360' என்ற கணினிக் குடும்பத்தை அறிவித்தது. அந்நாட்களில் கணினி என்றால் ஓர் அறையளவு இயந்திரம். துளையிட்ட அட்டைகளைக் கட்டுக் கட்டாகத் தூக்கிச் செருக ஒருவர், காந்த நாடாச் சுருளை மாட்டிக் கழற்ற ஒருவர், தாள் கிழிந்தால் அச்சுப்பொறியைத் திறந்து பார்க்க ஒருவர். பஞ்சாலையிலே பாபின் மாற்றும் தோழர் அந்த அறைக்குள் போயிருந்தால், "இது நம் வேலைதானே!" என்றிருப்பார். கையும் காலும் உழைத்த காலம் அது.

1969-ல் பெல் ஆய்வகத்திலே கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோரின் முயற்சியில் 'யூனிக்ஸ்' பிறந்தது. அந்த ஏற்பாட்டிலே எல்லா அதிகாரமும் படைத்த கணக்குக்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? 'ரூட்' என்று வைத்தார்கள். நம் மொழியிலே வேர்! பொருத்தமான பெயர்தான். பூவைப் பாடாத புலவர் இல்லை. வேரைப் பாடியவர் எத்தனை பேர்? மண்ணுக்குள் கிடந்து மரத்தைத் தாங்கும் வேரைப் போல, இந்த ஆள் இயந்திரத்துக்குள் கிடந்து நிறுவனத்தைத் தாங்கினார்.

1987-ல் இந்தத் தொழிலாளர்கள் தங்கள் அனுபவத்தைப் பேசிக்கொள்ள அமெரிக்காவிலே ஒரு கூட்டம் கூட்டினர். பெரிய நிலையங்களை நிர்வகிப்போர் கூட்டம் என்று அதற்குப் பெயர், சுருக்கமாக 'லீசா'. எது பெரிய நிலையம்? நூறு பேருக்கு மேல் பயன்படுத்தினால் பெரியது. ஒரு கிகாபைட்டுக்கு மேல் சேமிப்பு இருந்தால் பெரியது! இன்று ஆட்டோ ஓட்டும் தோழரின் சட்டைப்பைக் கைபேசியிலே அதைப்போலப் பல மடங்கு இருக்கிறது. அந்த லீசா மாநாடு 2021-ம் ஆண்டோடு நிறைவுற்றது. முப்பத்து நான்கு ஆண்டுகளில் ஒரு தொழில், தன் மாநாட்டுப் பெயரே பொருந்தாத அளவுக்கு உருமாறிவிட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

எப்படி மாறிற்று? முன்பெல்லாம் நூறு இயந்திரம் இருந்தால் நூறு முறை உட்கார்ந்து எழுந்தாக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்து, வீட்டுப் பசுவை இலட்சுமி என்று அழைத்துத் தடவிக் கொடுப்பதுபோலப் பார்த்துக்கொண்டார்கள். 1993-ல் ஆஸ்லோ பல்கலைக் கழகத்திலே மார்க் பர்கெஸ் என்பவர் 'சிஎஃப்எஞ்சின்' என்ற கருவியை ஆக்கினார். இயந்திரம் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதை ஒருமுறை எழுதி வைத்துவிட்டால் போதும். நிலை பிசகும்போதெல்லாம் கருவியே சரிசெய்துவிடும். 2005-ல் 'பப்பெட்' வந்தது. 2012-ல் 'ஆன்சிபிள்' வந்தது. நூறு என்ன, ஆயிரம் இயந்திரத்துக்கும் ஒரே ஏடு! ஓடிச் செய்த வேலை எழுதிச் செய்யும் வேலையாயிற்று. இலட்சுமி போனாள், மந்தை வந்தது.

2006-ல் அமேசான் நிறுவனம், கணினியை வாடகைக்கு விடும் கடையைத் திறந்தது. மணிக்குப் பத்து அமெரிக்க சென்ட் கொடு, ஒரு சர்வர் எடுத்துக்கொள், வேலை முடிந்ததும் விட்டுவிடு என்றார்கள். அதுவரை இயந்திரம் வாங்க மாதக்கணக்கில் காத்திருந்த இடத்திலே, சில நிமிடங்களில் இயந்திரம்! கூடத்திலே நின்ற அட்மினுக்குக் கூடமே இல்லாமல் போயிற்று. 2009-ல் பெல்ஜியம் நாட்டு கென்ட் நகரிலே 'டெவ்ஆப்ஸ்' என்ற பெயரில் கூடினார்கள். மென்பொருளை எழுதுபவன் ஒரு சாதி, அதை ஓட்டுபவன் ஒரு சாதி என்றிருந்த சுவரை இடிக்க வேண்டும் என்றார்கள். சுவர் இடிவது நமக்கு மகிழ்ச்சியே! 2013-ல் 'டாக்கர்', 2014-ல் 'குபர்நெட்டிஸ்' என்று அடுத்தடுத்து வந்தன. இப்போது, சொன்னதைக் கேட்டுக் கட்டளை எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவும் வந்து நிற்கிறது.

இயந்திரம் வருவதை நாம் எதிர்க்கிறோமா? இல்லை! ஒரே கட்டளையை நூறு தடவை தட்டிக்கொண்டிருப்பது மனித அறிவுக்கு அழகல்ல. அதை இயந்திரம் செய்யட்டும், மனிதன் சிந்திக்கட்டும். கூகிள் நிறுவனத்திலே 2003-ல் தொடங்கிய ஒரு பிரிவில் ஒரு விதி வைத்தார்கள். அன்றாடம் அலுப்பூட்டும் அந்தப் பராமரிப்பு வேலை, ஒரு பொறியாளரின் நேரத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. மீதிப் பாதி அந்த வேலையையே குறைக்கும் வழியை ஆக்குவதற்கு! 2016-ல் புத்தகமாகவே அதை எழுதி வெளியிட்டார்கள். நல்ல விதி. அந்த விதியின் சொல்லை இரவல் வாங்கிய நிறுவனங்கள் ஏராளம். பதவியின் பெயரையும் மாற்றிவிட்டன. விதியை வாங்கின நிறுவனங்கள் எத்தனை? பலகை புதிது, பண்டம் பழையது என்றால் பயன் என்ன?

"இயந்திரம் தானே பார்த்துக்கொள்ளும், ஆள் வேண்டாம்" என்போருக்கு நடந்த நிகழ்ச்சிகளையே பதிலாகத் தருகிறோம்.

2017 பிப்ரவரி 28. அமேசானின் சேமிப்புக் கூடத்திலே சில சர்வர்களை நீக்க ஒரு கட்டளை. அதில் ஒரு சொல் தவறிற்று. நினைத்ததைவிட அதிகமான சர்வர்கள் நீங்கின. அதை நம்பியிருந்த எத்தனையோ இணையத் தளங்கள் நான்கு மணி நேரத்துக்கு மேல் தடுமாறின. கோளாறு என்று ஊருக்கு அறிவிக்கும் பலகையும் அதே கூடத்தை நம்பியிருந்ததால், அந்தப் பலகையே சிறிது நேரம் ஊமையாயிற்று! முன்பு ஒரு விரல் தவறினால் ஓர் இயந்திரம் நிற்கும். இன்று ஒரு விரல் தவறினால் பாதி ஊர் நிற்கிறது.

2021 அக்டோபர் 4. பேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகெங்கும் மறைந்தன. சொந்தப் பிணையத்தின் முதுகெலும்பே முறிந்ததால், தொலைவிலிருந்து உள்ளே புகும் வழியும் அடைபட்டது. முடிவில் பொறியாளர்கள் சர்வர் கூடத்துக்கு நேரில் போனார்கள்.

2024 ஜூலை 19. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான கோப்பு, ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கிற்று என்று மைக்ரோசாப்ட் கணக்கிட்டது. விமானங்கள் நின்றன, மருத்துவமனைகள் திணறின. மருந்து என்ன? பெரும்பாலான கணினிகளின் முன்னே ஓர் ஆள் போய் உட்கார்ந்து, பாதுகாப்பு நிலையில் எழுப்பி, அந்தக் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. கெடுத்தது தானியங்கி, மீட்டது மனிதக் கை!

2025 ஜூலை. ரெப்ளிட் என்ற நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவு முகவர், 'எதையும் மாற்றாதே' என்று சொல்லியிருந்தும், ஒரு வாடிக்கையாளரின் தரவுத்தளத்தை அழித்தது. நிறுவனத்தின் தலைவர் மன்னிப்புக் கேட்டார். ஆம், மன்னிப்பை மனிதன்தான் கேட்க வேண்டியிருந்தது. இயந்திரத்துக்கு வேகம் உண்டு, வெட்கம் இல்லை. நினைவு உண்டு, பொறுப்பு இல்லை.

இவை காட்டுவது என்ன? வேலையின் அளவு குறைந்தது. வேலையின் எடை கூடிற்று. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் அலுவலகம், இந்தப் பணியிடங்கள் 2024-லிருந்து 2034-க்குள் குறையும் என்றே மதிப்பிட்டிருக்கிறது. அதே அலுவலகம், ஓய்வு பெறுவோர், விலகுவோர் இடத்தை நிரப்ப ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் ஆட்கள் தேவை என்றும் சொல்கிறது. ஆள் குறைவார், ஆனால் எஞ்சிய ஒவ்வொருவரின் தலையிலும் ஓர் ஊரின் பாரம் ஏறும். அந்தப் பாரத்துக்கு ஏற்ற ஊதியமும் பாதுகாப்பும் உண்டா என்பதல்லவா கேள்வி?

இதில் நமக்கு என்ன என்று கேட்காதீர்கள். சென்னையிலே பழைய மாமல்லபுரம் சாலையில் நள்ளிரவில் போய்ப் பாருங்கள். கண்ணாடி மாளிகைகளில் விளக்கு எரியும். அமெரிக்காவுக்கு அது பகல். நம் பிள்ளைகளுக்கு இரவு. கடல் கடந்த நிறுவனங்களின் இயந்திரங்களுக்குக் காவல் காப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். நெசவாளியின் மகன், மீனவரின் மகள், குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பார்த்தவர்கள்! வீட்டுக்கு வந்த பிறகும் கைபேசி தலைமாட்டில். மணி இரண்டுக்கு அலறினால் எழ வேண்டும்; எழுந்து பார்த்தால் பாதி நாள் வெறும் பொய்யான எச்சரிக்கை. எழுந்த நேரத்துக்குக் கூலி உண்டா? பல இடங்களில் இல்லை. "சம்பளத்திலேயே அது அடக்கம்" என்பார் முதலாளி. தூக்கமும் அடக்கமா? குழந்தை விழித்து அழுவதும் அடக்கமா?

பெல்ஜியத்தில் ஒரு தீயணைப்பு வீரர். வீட்டில் இருக்கலாம், ஆனால் அழைத்தால் எட்டு நிமிடத்தில் வந்தாக வேண்டும் என்பது கட்டளை. "அப்படியானால் அந்தக் காத்திருப்பும் வேலை நேரமே" என்று 2018 பிப்ரவரி 21-ம் நாள் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலை முடிந்தபின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமையை 2017 தொடக்கத்திலிருந்து பிரெஞ்சு நாட்டுச் சட்டம் பேசுகிறது. 2024 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவும் அந்த வழியில் வந்தது. அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது? தீயை அணைப்பவருக்குள்ள நீதி, சர்வரில் பற்றிய தீயை அணைப்பவருக்கு இல்லையா?

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இந்தத் தொழிலிலே கடவுச்சொல் மாற்றிக் கொடுப்பது, பேக்கப் நாடாவைச் சரிபார்ப்பது, நிரம்பிய வட்டைக் காலி செய்வது போன்ற சிறு வேலைகள் ஏணியின் கீழ்ப்படி. அதில் கால் வைத்துத்தான் மேலே ஏறினார்கள். இன்று அந்தக் கீழ்ப்படியை இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டு, "பத்தாண்டு அனுபவம் உள்ளவர் மட்டும் விண்ணப்பிக்கலாம்" என்று விளம்பரம் செய்கிறார்கள். படியை எடுத்துவிட்டு, மாடிக்கு ஏன் ஒருவரும் வரவில்லை என்று கேட்பதா? நாளைக்கு இயந்திரம் தவறும்போது, தவறு என்று கண்டு சொல்லும் கண் எங்கிருந்து வரும்?

ஆகவே நாம் கேட்பவை நான்கு.

ஒன்று: காத்திருக்கும் இரவுக்குக் கூலி. அழைப்புக்கு முறை வைத்து, ஆளை மாற்றி, எழுந்தவருக்கு மறுநாள் ஓய்வு. இரவுக்கு விலை வைத்துப் பாருங்கள். பொய் எச்சரிக்கைகள் தாமாகவே குறையும்! இலவசமாகக் கிடைக்கும் தூக்கத்தைத்தான் கணக்கில்லாமல் திருடுவார்கள்.

இரண்டு: வேலை நேரத்திலேயே கற்கும் நேரம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை தொழில் தலைகீழாகிறது. புதுக் கருவி நிறுவனத்தின் இலாபத்துக்கு. அதைக் கற்பது மட்டும் தொழிலாளியின் ஞாயிற்றுக்கிழமையிலா? புதிதாக வருவோருக்குப் பயிற்சி இடங்களும் இருக்க வேண்டும். கீழ்ப்படி மறைந்தால் வேறு படி கட்டித் தர வேண்டும்.

மூன்று: விரலைத் தண்டிக்காதே, முறையைத் திருத்து. 2017 ஜனவரி 31 இரவு, கிட்லேப் நிறுவனத்தில் களைத்த ஒரு பொறியாளர் தவறான இயந்திரத்திலே அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். பேக்கப் என்று பலவிதமாக வைத்திருந்தவை பார்த்தால் வேலை செய்யவில்லை. ஏறத்தாழ ஆறு மணி நேரத் தரவு போயிற்று. அந்த நிறுவனம் என்ன செய்தது? நடந்ததை ஒளிக்காமல் உலகறிய எழுதிற்று. பழியை ஒருவர் தலையில் கட்டாமல், பேக்கப் ஏன் பொய்த்தது என்று ஆராய்ந்தது. அதுவே அறிவுடைமை. ஒரு விரல் தவறினால் ஊரே அழியும் என்றால், குற்றம் விரலிலா, அப்படி ஊரைக் கட்டியவரிடமா?

நான்கு: பொதுமக்களின் தரவைத் தாங்கும் அரசு நிறுவனங்களில், அந்த முறையை அடிமுதல் நுனிவரை அறிந்த சொந்த ஆட்கள் இருக்க வேண்டும். வாடகைக்கு வீடு எடுப்பதில் தவறில்லை. ஆனால் வீட்டில் எத்தனை அறை என்பதே தெரியாமல் குடியிருப்பது ஆபத்து. ஒப்பந்தக்காரர் கையை விரித்தால், நியாயவிலைக் கடை வாசலில் நிற்கும் தாய்க்கு யார் பதில் சொல்வது?

"இதெல்லாம் கட்டுப்படியாகாது" என்று கூறுவர். ஒரு நாள் நின்றுபோனால் ஆகும் நட்டத்தைக் கணக்குப் போட்டுவிட்டுப் பிறகு பேசட்டும்! பூட்டுக்கு ஆயிரம் செலவழிப்பவர், காவலாளியின் கூலியில் கஞ்சத்தனம் காட்டுவது சிக்கனமன்று, சிறுமை.

கண்ணாடி மாளிகைத் தோழர்களுக்கும் ஒரு சொல். "நாங்கள் பொறியாளர்கள், எங்களுக்குச் சங்கம் எதற்கு?" என்று எண்ணாதீர்கள். தகவல் தொழில்நுட்பத் தொழிலாளருக்கும் சங்கம் அமைக்கும் உரிமை உண்டு, தொழில் தகராறுச் சட்டத்திலிருந்து அந்தத் துறைக்கு விலக்கு இல்லை என்று 2016-ம் ஆண்டிலேயே தமிழ்நாடு அரசு விளக்கம் தந்தது. கழுத்துப்பட்டி கட்டியிருந்தாலும் கழுத்து தொழிலாளியின் கழுத்துத்தான். ஆயிரம் இயந்திரங்களை ஒரே கட்டளையில் ஒன்றிணைக்கக் கற்ற உங்களுக்கு, உங்களில் நூறு பேரை ஒன்றிணைப்பது கடினமா?

ஆலைத் தோழர்களே, துறைமுகத் தோழர்களே, பேருந்துத் தோழர்களே! அடுத்த முறை "சர்வர் வேலை செய்யவில்லை" என்று யாரேனும் சொன்னால், சர்வரைச் சபிக்குமுன் ஒரு கணம் எண்ணுங்கள். எங்கோ ஒரு மூலையில், கண் சிவக்க, தேநீர் ஆறிப்போக, உங்களைப் போன்ற ஒரு தொழிலாளி அதை எழுப்பப் போராடிக்கொண்டிருக்கிறார். அவர் கருவி மாறியிருக்கிறது. அவர் வியர்வை மாறவில்லை.

விழித்திருப்போருக்கு ஊதியம்! கற்போருக்கு நேரம்! தவறியோருக்கு நீதி! இந்த மூன்றும் தராத எந்த மாற்றத்தையும் முன்னேற்றம் என்று நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை.